நீலம் என்ற விடை

பழைய தொலைக்காட்சிப் போட்டிகளைத் தூசு தட்டி மறுபடியும் போடுவது இப்போது எல்லாச் சானல்களுக்கும் வந்திருக்கும் ஒரு தொற்றுநோய். போட்ட கையோடு, "அந்தக் காலத்து நிகழ்ச்சி மாதிரி வருமே?" என்று கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில் ஆளுக்காள் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சில் நம்பிக்கை இல்லை. கணவன் மனைவி பொருத்தம் பார்க்கும் ஒரு போட்டியின் பழையதையும் புதியதையும் பார்வையாளர் வரிசையில் இருந்தே பார்த்தவன் நான். இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் என் சித்தப்பாவும் சித்தியும்.

போட்டி எளியது. மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, அவருக்கு என்ன பிடிக்கும் என்று கணவனிடம் கேட்பார்கள். பிறகு மனைவியை அழைத்து அதையே கேட்பார்கள். இரண்டு விடையும் ஒன்றானால் மணி அடிக்கும்.

முதல் தடவை போனபோது அவர்களுக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். சித்தப்பா கணித ரியூசன் வாத்தியார். எங்கள் ஆட்களுக்கு எதுவும் பள்ளிக்கூடச் சோதனைதான். சித்தப்பா இதையும் சோதனையாகவே எடுத்துக்கொண்டார். முந்தைய வாரங்களில் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, பிள்ளைகளைப் பழைய வினாத்தாள் செய்விப்பது போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு விடையைத் தானே தீர்மானித்துச் சித்தியைப் பாடமாக்க வைத்தார். பிடித்த நிறம் நீலம். பிடித்த சாப்பாடு இடியப்பமும் சொதியும். பிடித்த இடம் கடற்கரை. கணவனை எப்போது பிடித்தது? பெண் பார்க்க வந்த அன்றைக்கே. சித்திக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. விடை ஒத்துப்போனால் சரி.

ஒத்துப்போனது. கோட் போட்ட அறிவிப்பாளர் ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக உச்சரித்துப் பாராட்டினார். சபை மரியாதையாகக் கைதட்டியது. ஒரு ரைஸ் குக்கர் கிடைத்தது.

வினை அதற்குப் பிறகுதான். தான் தயாரித்த விடையைச் சித்தப்பா தானே நம்பிவிட்டார். தீபாவளிக்கு நீலச் சேலை, பிறந்தநாளுக்கு நீலச் சேலை, மகளின் கலியாணத்துக்கும் நீலச் சேலை. சித்தி ஒரு சொல் சொல்லாமல் எல்லாவற்றையும் உடுத்தினார்.

இப்போது அதே போட்டியை இரத்மலானைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் மறுபடி தொடங்கி, முன்பு வென்ற சோடிகளை அழைத்தார்கள். பழைய விடைகளை ஒருமுறை மீட்டிப் பார்க்கும்படி சித்தப்பா சொன்னார். சித்தி தலையாட்டினார். ஆனால் மேக்கப் அறையில், சித்தப்பா இல்லாத நேரம் பார்த்து, கூடப் போயிருந்த என்னிடம் சொன்னார்.

"இந்த முறை நான் உள்ளதைத்தான் சொல்லப்போறன்."

"தோத்துப்போவீங்கள், சித்தி."

"தோத்தால் தோக்கட்டும். எனக்கு என்ன பிடிக்குமெண்டு ஒருக்காலாவது உந்த மனுசன் என்ர வாயாலை கேக்கவேணும்."

புதியதில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தென்னிந்தியச் சானல்களின் தமிழில் பேசிய இளம்பெண் அறிவிப்பாளர் சித்தப்பாவையும் சித்தியையும் அங்கிள், ஆன்டி என்றாள். பழையதில் விடை பிழையானால் சபையே சங்கடப்படும். அறிவிப்பாளர் ஆறுதல் சொல்லி அனுப்பிவைப்பார். புதியதில் எப்போது பிழை வரும் என்றுதான் காத்திருக்கிறார்கள். சோடி முறைத்துக்கொண்டால் அந்தத் துண்டை வெட்டிப் போனில் சுற்றவிடலாம். சத்தமும் கும்மாளமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல ஒருவருக்கு இடம் கிடைப்பது புதியதில்தான்.

முதல் கேள்வியே நிறம். சித்தப்பா பலகையில் 'நீலம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டார். சித்தியை உள்ளே அழைத்தார்கள்.

"மெரூன்," என்றார் சித்தி.

ஏதோ ஒரு கோமாளிச் சத்தம் எழுந்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"அங்கிள், இவ்வளவு வருஷமா ஆன்டிக்குப் பிடிச்ச கலர் கூடத் தெரியலையா?"

சித்தப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சித்தி சொல்லிவிட்டாரே என்று சந்தோசமாகவும் இருந்தது. புதிய விதிப்படி முதல் பிழையோடு வெளியேற வேண்டும், வெளியேறினோம்.

ஓட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம், நடுவில் சித்தி. தெஹிவளையில் வாகன நெரிசலில் நின்றபோது சித்தப்பா தொடங்கினார்.

"அப்ப இடியப்பமும் பொய்யோ?"

"இல்லை. அது உண்மை."

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"கடற்கரை?"

"நீங்கள் கூப்பிடுறபடியால் வாறனான்."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெண் பாக்க வந்த அண்டைக்கே என்னைப் பிடிச்சதெண்டு சொன்னனீர்."

"அது நீங்கள் சொல்லித் தந்தது."

ஓட்டோ நகர்ந்தது. அப்படியென்றால் அவரை எப்போது பிடித்தது என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கவேண்டும். சித்தி அவர் பக்கம் முகத்தைத் திருப்பி அதற்காகக் காத்திருந்தார். வெள்ளவத்தை வந்து இறங்கும்வரை சித்தப்பா அதைக் கேட்கவில்லை.