கட்டைபறிச்சானில் ஒரு நீலச் சாடி

என் பேத்தி மேரி பட்டதாரி, சரித்திரம் படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். ரீச்சர் வேலைக்கு எழுதிப் போடு என்று தெருவே சொன்னது. அவளுக்கோ பழைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலையில்தான் வேலை வேண்டும்.

மாசி மாதம் திருகோணமலையில் புதிதாகத் தொடங்கவிருந்த சிறிய நூதனசாலைக்கு உதவியாளர் ஒருவரைத் தேடினார்கள். நேர்முகத்துக்கு வருகிறவர்கள் தங்கள் பகுதியிலுள்ள ஒரு பழைய பொருளைப் பற்றி எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். மேரிக்கு உடனே நினைவு வந்தது, கட்டைபறிச்சானில் இருக்கும் என் தங்கை மகன் சூசையின் சாடி. கொட்டியாரக் குடாவில் அவனுடைய வலையில் ஏறிய மண்சாடி அது. மேலெல்லாம் சிப்பி அப்பிக் கிடக்கும்.

"அந்தச் சிப்பிதான் அம்மம்மா முக்கியம். அது எவ்வளவு காலம் கடலுக்குள்ள கிடந்தது எண்டு அதை வைச்சுத்தான் சொல்லலாம்" என்றாள். துணைக்கு நானும் புறப்பட்டேன்.

திருகோணமலையிலிருந்து மூதூர் போகும் லோஞ்சுப் படகு காலை ஏழு மணிக்கு, ஆளுக்கு ஒரு ரூபாய். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். நடுக்குடாவில் ஆட்டம் உண்டு, வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். ரிக்கற் தந்தவர் கதை கொடுத்தார்.

"என்ன ஆச்சி, பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கவோ?"

"இல்லைத் தம்பி, சாடி பார்க்க."

"அது நல்லது. சாடி சீதனம் கேளாது."

மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்கு மூன்று மைல் இருக்கும். பஸ்ஸைக் காணவில்லை, நடந்தோம். குடை கொண்டு போனது புண்ணியம்.

சூசை படலை வாசலிலேயே நின்றான். நாங்கள் வருகிற செய்தி ஒரு கிழமைக்கு முன்னமே லோஞ்சில் போய்விட்டது. உள்ளே கதிரையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சாடியை வைத்திருந்தான். பளபளவென்று நீல நிறம். கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. அவனுடைய மீன்பிடி வள்ளத்துக்கும் அதே நீலம், அதே கோடு.

"நூதனசாலைக்காரர் பார்க்கிற சாமான் எண்டிச்சினம், பெரியம்மா. சிப்பியெல்லாம் சுரண்டி எறிஞ்சுபோட்டு ரெண்டு பூச்சுக் குடுத்தனான். காய மூண்டு நாள் எடுத்தது."

அங்கே அப்படித்தான். கோயில் பெருநாளுக்கு முன் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிப்பார்கள். நாலு பேர் பார்க்கப் போகிற பொருளை அழுக்கோடு வைப்பது வீட்டுக்கு மரியாதை இல்லை. அவனைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் மேரியின் முகம் விழுந்துவிட்டது. நேர்முகத்துக்கு நாலே நாள்தான் இருந்தது.

"வடிவாய் இருக்கு மாமா" என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைக்கு நிறம் பிடிக்கேல்லைப் போல. பச்சை அடியுங்கோ எண்டு நான் சொன்னனான்" என்று சூசையின் பெண்சாதி திரேசா அவனை இடித்தாள்.

மேரி சாடிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். எந்த இடத்தில் வலை போட்டது, எத்தனை பாகம் ஆழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரோர்ச் அடித்து உள்ளே பார்த்தாள். கழுத்து ஒடுக்கம், சூசையின் கை போகவில்லை. உள்ளே சிப்பி அப்படியே இருந்தது. அப்போதுதான் பிள்ளை சிரித்தது. பெயின்ற் பூசிய கதையையும், பூசியவர் பெயரோடு எழுதிக்கொண்டாள். "அதை ஏன் எழுதுறாய், விட்டுவிடன்" என்றேன். "அதுவும் சாடிக்கு நடந்ததுதானே அம்மம்மா" என்றாள். திரேசாவின் நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டுப் பின்னேர லோஞ்சில் திரும்பினோம்.

நேர்முகத்தில் கேட்டார்களாம், இந்த நீலத்தை என்ன செய்வீர்கள் என்று.

"எடுக்கலாம் ஐயா. ஆனா சாடி மாமாவின்ர. முதல் அவரைக் கேக்க வேணும்" என்று சொன்னாளாம். அவர்கள் சிரித்தார்களாம். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

வேலையில் சேர்ந்து முதல் பயணமே கட்டைபறிச்சானுக்குத்தான். சாடியைத் தரச் சூசைக்குச் சம்மதம். பெயின்ற்றை எடுக்கத்தான் மனமில்லை. சாடியை இரண்டு தரம் சுற்றி வந்தான்.

"ஒரு பக்கத்தை எடு, பிள்ளை. மற்றப் பக்கம் கிடக்கட்டும். நான் பார்க்க வந்தால் எனக்கு அடையாளம் தெரிய வேணுமே."

மேரி மேலிடத்தில் கதைத்துச் சம்மதம் வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது, படித்த பிள்ளை.

திருகோணமலைக்கு வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் நூதனசாலைக்குப் போங்கள். உள்ளே போகக் காசில்லை. செருப்பை வாசலில் விட வேண்டும். சாடி நடு அறையில் இருக்கிறது, சுவரோடு சேர்த்து வைக்க மேரி விடவில்லை. முன்னால் நின்று பெயின்ற் எடுத்த மண் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுற்றிப் பின்னால் போங்கள்.