எஞ்சினுக்குச் சட்டை தைத்தவள்

கர்மலி எந்த விஷயத்திலும் 'இருக்கலாம்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளுக்கு ஒன்று இருக்கும், இல்லையென்றால் இருக்காது. நடுவில் நின்று தலையைச் சொறிகிற பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. ஆலப்புழைக்குத் தெற்கே பள்ளிப்பொழிக் கரையில் நாற்பது வள்ளங்கள் என்றால், அதில் முப்பத்தொரு வள்ளத்து எஞ்சினுக்கு அவள் தைத்த உறைதான். அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். தெரியட்டுமே, உழைத்து வாங்கிய பெருமைதானே.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் இஞ்ஞாசி புது எஞ்சின் வாங்கினான். வள்ளத்தின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின். கரைக்கு வந்ததும் கழற்றி, கழியில் தொங்கவிட்டு, இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போவார்கள். கொட்டகைக்கு மேலே ஓலை, நாலு பக்கமும் திறந்த வெளி. ஒரு மாதத்தில் எஞ்சினின் மேல்மூடியான தொப்பியில் பெயின்ட் வெளுத்தது, இடுக்கெல்லாம் மணல் புகுந்தது. கர்மலி தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய்க் கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுப்பது போல எடுத்தாள். வெளியே தார்ப்பாய், உள்ளே பழைய போர்வைத் துணி. அடியில் ஒரு நாடாக் கயிறு. இழுத்து முடிச்சுப் போட்டால் எறும்புகூட நுழையாது. அந்த முடிச்சில்தான் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று வந்து நின்றார்கள்.

வராத சிலரில் ஒருவன் அவளுடைய சொந்த அண்ணன் லிகோரி. ஸ்பேனரைக் கையில் எடுத்தால் எந்த எஞ்சினையும் பிரித்து மாட்டிவிடுவான். நாக்கு மட்டும் அதைவிடக் கூர்மை. மீன் ஏலம் முடிந்து ஆட்கள் கட்டஞ்சாயா குடிக்கிற நேரம் பார்த்து ஆரம்பிப்பான்.

"எடீ கர்மலி, எஞ்சினுக்குச் சட்டை தைச்சாச்சு. ஞாயித்துக்கிழமை பூசைக்கும் கூட்டிட்டுப் போவியா?"

"கூட்டிட்டுப் போவேன் சேட்டா. உன் எஞ்சினைத்தான் வாசல்லயே நிறுத்திருவாங்க, அது நிக்கிற அம்மணத்துக்கு!"

"போடீ. கடல்ல நனைஞ்ச சாமானுக்குக் காத்து வேணும். ஈரத்தோட மூடினா உள்ளுக்குள்ளயே வேகும்."

இதைச் சொல்லிவிட்டு, பாவாடை கட்டிய எஞ்சின் எப்படி நடக்கும் என்று இடுப்பை ஆட்டி நடந்து காட்டுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கர்மலி ஒரு பதில் கொடுப்பாள், அதற்கும் சிரிக்கும். அதோடு ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். வெந்துபோகும் என்று சொன்னானே, அது உண்மையா என்று ஒருவரும் யோசித்ததில்லை.

இந்த வருடம் மண்ணெண்ணெய் பெர்மிட்டுக்கான எஞ்சின் பரிசோதனை வந்தது. எஞ்சினில் உள்ள நம்பரும் புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒத்துப்போனால்தான் பெர்மிட். பெர்மிட் இருந்தால்தான் சலுகை விலையில் மண்ணெண்ணெய். வெளியில் வாங்கி ஓட்டலாமே என்றால், பிடிக்கிற சாளை மீன் முழுவதும் எண்ணெய்க்கே போய்விடும். இஞ்ஞாசி மாதிரி ஒற்றை எஞ்சின்காரன் வள்ளத்தை மணலில் கவிழ்த்துவிட்டு வேறொருவன் வள்ளத்தில் வலை இழுக்கப் போகவேண்டியதுதான். அடுத்த பரிசோதனைக்கு எத்தனை வருடமோ.

காலை பத்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் நாற்பது எஞ்சினும் மரத்தாங்கியில் வரிசையாக நின்றன. முதல் டோக்கன் இஞ்ஞாசிக்கு. பரிசோதனைக்கு வந்த மேடம் மேசையில் புத்தகத்தை விரித்தார். கர்மலி தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து உறையை உருவினாள். பதினொரு வருட எஞ்சின் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். தொப்பி அப்படிப் பளபளத்தது.

"நல்லா வச்சிருக்கீங்களே" என்றார் மேடம். குனிந்து, பின்பலகையில் கவ்வுகிற இரும்புப் பிடியில் நம்பர்த் தகட்டைத் தேடினார். "நம்பர் எங்கே?"

தகடு இருந்தது. நம்பர் இல்லை. வெள்ளையாகப் பூத்து, பொருக்குத் தட்டி, விரல் வைத்தால் உதிர்ந்தது. சரியாகக் கயிறு முடிச்சு விழுகிற இடம். கடலில் இருந்து வந்த ஈரத்தோடு தினமும் மூடியதில், உப்புத்தண்ணீர் முழுவதும் வடிந்து அந்தக் கயிற்றில் ஊறி, தகட்டைத் தின்றிருக்கிறது. கர்மலிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. முப்பத்தொரு உறை, முப்பத்தொரு கயிறு.

அடுத்தடுத்த எஞ்சின்களில் உறையை உருவ உருவ, மைதானம் சந்தைக்கடை ஆகிவிட்டது. பன்னிரண்டு எஞ்சினின் தகட்டை எப்படியோ படிக்க முடிந்தது. பத்தொன்பதில் ஒரு எழுத்தும் தேறவில்லை. உறையே போடாத ஒன்பது எஞ்சினிலும் நம்பர் தெளிவாக இருந்தது.

ஆன்டோ என்பவன் தன் உறையைக் கர்மலியின் காலடியில் எறிந்தான். "உன் துணியை நம்பினேன் பாரு சேச்சி, என்னைச் சொல்லணும்! இனி என் பிள்ளைங்க எதைத் திங்கும், இந்தத் தார்ப்பாயையா?"

எல்லாரும் லிகோரியைப் பார்த்தார்கள். இப்போது கேலி பேசினால் பதினொரு வருடக் கணக்கும் தீர்ந்துவிடும். அவன் வாயைத் திறப்பதற்குள் கர்மலி முந்திக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான். கயிறு வச்சது நான். திட்டுறவங்க சாயங்காலம் வரிசையா வந்து திட்டுங்க, நின்னு கேட்டுக்கிறேன். சேட்டா, நம்பர் வேற எங்கயாவது இருக்கா?"

லிகோரி தொண்டையைச் செருமினான். "உள்ள இருக்கு. எஞ்சின் தலையில குத்தியிருப்பாங்க. தொப்பியை எடுத்து, ஸ்டார்ட் பண்ற இழுகயிறுச் சக்கரத்தைக் கழட்டினாத்தான் தெரியும்."

"மேடம், அதைப் பாத்தா ஒத்துக்குவீங்களா?"

"குத்தின நம்பர்னா ஒத்துக்கலாம். ஆனா நீங்கதான் பிரிச்சுக் காட்டணும். அஞ்சு மணிக்குப் புத்தகத்தை மூடிருவேன். இதுதான் கடைசிக் கரை, நாளைக்கு லிஸ்ட் போயாகணும்."

லிகோரி ஸ்பேனரோடு முதல் டோக்கனான இஞ்ஞாசியின் எஞ்சினிடம் போனான். கர்மலி குறுக்கே நின்றாள்.

"அதை விடு. ஆன்டோவோடதை முதல்ல பிரி. நம்மளுது கடைசி."

இஞ்ஞாசி அதிகம் பேசாதவன். அவன்கூடத் திடுக்கிட்டான். "எடீ, நம்ம டோக்கன் ஒண்ணு."

"தைச்சது நான். மத்தவன் எல்லாம் நிக்கையில நான் முதல்ல வாங்கிட்டுப் போனா, அப்புறம் இந்தக் கரையில எப்படி முகத்தைக் காட்டுவேன்? தூக்குங்க."

இஞ்ஞாசி தாங்கியோடு எஞ்சினை வரிசையின் கோடிக்கு நகர்த்திவிட்டு வந்தான்.

பிரித்தால் நம்பர் தெரிந்துவிடுமா? கரியும் எண்ணெயும் ஒட்டி, குத்திய இடமே மட்டமாகக் கிடந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தும் புலப்படவில்லை. கர்மலி எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருக்கும் தையல் சாக்கட்டியை எடுத்தாள். எண்ணெயைத் துடைத்து, கட்டியை அழுத்தித் தேய்த்து, மேலே நின்ற பொடியைத் துணியால் வழித்தாள். பள்ளத்தில் தங்கிய வெள்ளையில் நம்பர் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

"ஈசோயே!" என்று ஏசுவைக் கூப்பிட்டான் ஆன்டோ.

"அவரைக் கூப்பிடாதே, அவருக்கு வேற வேலை இருக்கு. நீ இந்த போல்ட்டை எல்லாம் ஒரு தட்டுல போட்டு வை" என்றாள் கர்மலி.

அப்புறம் கஞ்சி குடிக்கக்கூட யாரும் எழவில்லை. லிகோரி பிரிக்க, கர்மலி தேய்க்க, மேடம் படித்து எழுத, ஆன்டோ அடுத்த எஞ்சினைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்த, கால் மணிக்கு ஒன்று என்று போனது. ஒரு போல்ட் துரு ஏறி இறுகிப்போய் அரை மணியை விழுங்கியது. பதினெட்டாவது எஞ்சின் முடிந்து, இஞ்ஞாசியுடையது மட்டும் மீதி இருந்தபோது மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடித்து நாலு நிமிடம்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு" என்று ஆன்டோ கெஞ்சினான். பின்னாலேயே பத்துப் பேர் கெஞ்சினார்கள்.

மேடத்துக்கும் முகம் வாடித்தான் போயிருந்தது. "பிரிச்சு முடிக்க அஞ்சரை ஆயிரும். நேரம் போட்டுத்தான் கையெழுத்துப் போடணும். என் வேலை போயிரும்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

கர்மலி அவரிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கையில் ஒட்டிய சாக்கட்டிப் பொடியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பெர்மிட் போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது.

எஞ்சினைக் கழியில் கட்டி, முன்னால் இஞ்ஞாசியும் பின்னால் லிகோரியும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கொட்டகையில் இறக்கி வைத்ததும் இஞ்ஞாசி வலையைப் பார்க்கப் போனான். கர்மலி அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"எப்போ பாத்தே?"

"எதை?"

"கயிறு தகட்டைத் திங்கிறதை. எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க, உன் முகத்துல மட்டும் ஆச்சரியமே இல்ல."

லிகோரி ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "நாலு வருஷம் ஆச்சு. ஆன்டோ எஞ்சின்ல பாத்தேன். நான்தான் தினமும் கத்தினேனேடீ!"

"கத்தினே. இருபது பேரைக் கூட்டி வச்சு இடுப்பை ஆட்டிக் கத்தினே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வீட்டுக்கு வந்து 'கர்மலி, இந்தக் கயிறைப் பாரு'ன்னு சொன்னியா? சொல்லியிருந்தா அன்னைக்கே அறுத்துப் போட்டிருப்பேன்."

கர்மலி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் முப்பத்தொரு உறையும் அவள் வீட்டு முன்னறையில் மலையாகக் கிடந்தன. ஆன்டோதான் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து போட்டிருந்தான். கர்மலி கயிறுகளை அறுத்து, அடியில் ஒரு சாண் வெட்டிக் குறைத்து, பக்கத்தில் காற்றுக்கு வலைத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். உறையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போயிருப்பாள். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் காய்ந்தபிறகு மூடவேண்டும், அடி திறந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

லிகோரி வந்து முன்னறை வாசலில் நின்றான். கேலி பேசுகிற முகம் இல்லை அது.

"நீ தைச்சது நல்லா இருந்துச்சு" என்றான். "கரையே உன்னைத் தேடி வந்துச்சு. அது எனக்குப் பொறுக்கல. அதான் வந்து சொல்லல."

கர்மலியின் கையில் கத்தரி நின்றது. இத்தனை வருடத்தில் அவன் தன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபம் அப்படியே இருந்தது. அண்ணன் மேல் இரக்கமும் வந்தது. கண் நிறைந்துவிட்டது, அவள் அதை மறைக்கவில்லை.

"பெர்மிட் இருக்கிற என் எஞ்சினை உங்க வள்ளத்துல மாட்டிட்டேன்" என்றான் லிகோரி. "என் வள்ளம் பழசு, உங்களுது நல்லா ஓடும். அளியன் இஞ்ஞாசி கரையில காத்துக்கிட்டு இருக்கான். அடுத்த பரிசோதனை வரைக்கும் ரெண்டு பேரும் சேந்து போறோம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தையல் நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டாள். "போயிட்டு வா. கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழுவிக் காய வை. அளவெடுக்க வர்றேன்."

"எடீ, என் எஞ்சினுக்கு உறை வேண்டாம்னு எத்தனை தடவை..."

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் கர்மலி. "இனிமே அது எங்க வள்ளத்து எஞ்சின்."