எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

கோவர்த்தனன் கிளிக்கூண்டுக்குள் கையை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுக்கிறார். மோந்து பார்க்கிறார். பிறகு கடைக்காரரிடம் நீட்டி, "ஒரு வாய் குடி, பாக்கலாம்" என்கிறார். தயங்கினால் நோட்டீசு நிச்சயம். நகரிப் பக்கத்துச் சந்தைகளில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதுமே புறா விற்பவர்களும் முயல் விற்பவர்களும் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஐம்பதைத் தொடும் வயது, ஒட்டிய கன்னம், எதையும் முகர்ந்தே நம்பும் மூக்கு. சத்திரம், பள்ளிக்கூடம், பொதுக்கிணறு எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் கொல்லைச் சாக்கடையைப் பார்த்துவிடுவார். "பந்தியில குந்தித் துன்னாம, எச்சிலை எங்க கொட்றாங்கன்னு பாத்துக்கினு நிக்கிறாரு. இவரோட எந்த விசேஷத்துக்குப் போறது?" என்று மனைவி சுந்தரி அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

இப்போது அவர் தூக்கத்தைக் கெடுப்பது நெசவாளர் தெருக் கிணறு. கிணற்றுக்கு மேட்டில் ஏழுமலையின் கடை. கிளி, புறா, முயல் எல்லாம் கிடைக்கும். கூண்டு கழுவும் நீர் சரிவில் இறங்கிக் கிணற்றடியில் தேங்குகிறது. போன மாதம் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. தறிக்கார முனிரத்தினத்தின் கைக்குழந்தை பிழைத்ததே பெரிய காரியம். கோவர்த்தனன் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார். கூண்டுகளை அகற்றும்படி ஏழுமலைக்கு நோட்டீசும் கொடுத்தார்.

ஏழுமலை அகற்றத்தான் செய்தார், கடைக்குப் பின்னாலிருந்த தன் கொட்டகைக்கு. திருத்தணியைச் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரித்து மெட்ராசோடு சேர்த்தபோது நட்ட எல்லைக் கல், கடைக்கும் கொட்டகைக்கும் நடுவில் நிற்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம், கோவர்த்தனனின் அதிகாரம் செல்லும் ஆந்திரா; அந்தப் பக்கம் மெட்ராஸ்.

"இது மெட்ராசு அய்யா. உங்க நோட்டீசு அந்தக் கல்லாண்டயே நின்னுபூடும்" என்றார் ஏழுமலை, முயலுக்குப் புல் போட்டபடி. கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்களே சிரித்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்து அதிகாரிக்கு எழுதலாம். முன்பு ஒரு சத்திரத்துக்காக எழுதியபோது, வரைபடம் கேட்டுப் பதில் வருவதற்குள் மழைக்காலம் போய்விட்டது. அதுவரை இந்தத் தெரு எதைக் குடிக்கும்?

கழுவிய நீர் போகும் வழியோடு அவர் நடந்து பார்த்தார். அது கல்லைச் சுற்றிக்கொண்டு பழையபடி கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தது.

"நோட்டீசு நிக்கட்டும்பா. உன் தண்ணி நிக்கலியே. வாய்க்கா வெட்டி, கொட்டகைக்கு அந்தாண்ட கீற உன் வாழைக்குத் திருப்பி வுடு, அது போதும்."

"வெட்றதுக்கு ஆளு எங்க கீது அய்யா?"

கோவர்த்தனன் காக்கிக் கோட்டைக் கழற்றி எல்லைக் கல்லின்மேல் போட்டார். பனியனோடு அதைத் தாண்டிப் போய், மண்வெட்டிக்காக ஏழுமலையிடம் கையை நீட்டினார்.