அவளுக்கு நாளை நூலகம்

இன்று கெலாங் பாத்தா சந்தையில் என் மாணவி ஒருத்தியின் அம்மாவைப் பார்த்தேன்.

நாலாம் ஆண்டு வகுப்பில் பாலியல் பாதுகாப்புப் பாடத்துக்குச் சம்மதம் தராதவர் அவர் மட்டும்தான்.

"ஏம்மா வேணாம்னுட்டீங்க?"

"எனக்கு ஒன்னுமில்ல டீச்சர். அவ சித்தப்பாதான் கூடாதுன்னாரு. நானும் அவ அப்பாவும் தெனமும் விடியறதுக்குள்ள சிங்கப்பூருக்கு வேலைக்குக் கெளம்பிடுறோம். பிள்ளைய அவர்தானே பாத்துக்கிறாரு. பகைச்சிக்க முடியுமா, சொல்லுங்க."

"பிள்ளை என்ன சொன்னா?"

"அவள யாரு கேட்டா. இப்பல்லாம் வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்குறா."

பள்ளி ஆலோசக ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"நீங்களா எதையாவது நெனச்சிக்காதீங்க டீச்சர்" என்றார்.

சம்மதம் வராத பிள்ளையை அந்த நேரத்தில் நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளி விதி.

நாளை அந்தப் பாடம். மற்ற எல்லாரும் நூலகத்துக்குப் போய், அவள் மட்டும் வகுப்பில் இருந்தால் போதும் எனக்கு.

அதற்கு எந்த விதியில் இடமிருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.