குளத்து வளைவில் நின்ற பட்டமரம்

அந்தப் பொதுக்காட்டில் காவலரான அவருக்குப் பெயரே பட்டமரத்தார்தான். செத்த மரத்தை வெட்ட விடமாட்டார். பச்சை மரத்தை வெட்டச் சொன்னால்கூட யோசித்துப் பார்த்துச் சம்மதிப்பார், நெருக்கமாய் வளர்ந்த இடத்தில் அவரே கோடரி எடுப்பார். பட்டுப்போன மரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அதில் வண்டு இருக்கும், வண்டுக்கு மரங்கொத்தி வரும், கொத்திய பொந்தில் ஆந்தை குடிவரும் என்று நடைபயிற்சிக்கு வருகிறவர்களை நிறுத்திவைத்துச் சொல்வார். பாதிப்பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மனிதர் லேசில் விடமாட்டார்.

குளத்து வளைவில் நின்ற பட்டமரம் அவருடைய செல்லம். ஒன்பது வருடமாக அதே பொந்தில் ஓர் ஆந்தைக் குடும்பம். இந்த வருடம் இரண்டு குஞ்சுகள்.

ஒரு மரத்தை வெட்ட இரண்டு காவலர்கள் நேரில் பார்த்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இன்னொரு காவலர் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. அலைந்து திரிந்து இவர் வாங்கிக் கொடுத்த வேலை. காட்டின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். ஒரு முறிந்த கிளைக்காக ஒரு மணி நேரம் நடப்பானேன் என்று, வெற்றுச் சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு கட்டு மாற்றிக்கொண்டார்கள். யோசனை இவருடையதுதான். ஒரே வீட்டு ஆட்களுக்குள் என்ன சந்தேகம் என்று சிரித்தார். சிரித்தாரே, பாவி மனுஷன்!

மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. நான்கு நாள் விடுப்பு எடுத்தார். இரண்டாம் நாள் மாலை மைத்துனன் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் மறு காலைப் பிடித்துவிட்டான்.

"காட்டை நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க அக்காவைப் பாருங்க."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மைத்துனன் யாருக்கு வாய்ப்பான் என்று நர்ஸிடம் வேறு சொல்லிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் குளத்து வளைவுக்குப் போனால், முழங்கால் உயர அடிக்கட்டை நிற்கிறது. சுற்றிலும் ரம்பத்தூள். ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. இன்னொன்றைக் காணோம். பட்டப்பகலில் தாய் ஆந்தை பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருக்க, காகங்கள் அதை விரட்டிக்கொண்டிருந்தன. காட்டில் மரம் வெட்டுகிறவரைத் தேடிப்பிடித்து உலுக்கினார். அவர் சீட்டை எடுத்து நீட்டினார்: 'ஆபத்தான மரம், வெட்டலாம்.' கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று இவருடையது. தேதி, ஆரஞ்சு வந்த அதே நாள்.

மைத்துனன் மழுப்பவில்லை. அந்த இடத்தில் பார்வையாளர் மேடை கட்ட மேலதிகாரிக்கு ஆசையாம். முடித்துக் கொடுத்தால் இவனுக்கு மேற்பார்வையாளர் பதவியாம்.

"நீங்க இருந்தா விட்டிருக்க மாட்டீங்க மாமா. அதான்."

அவருக்கு அடிக்கக் கை எழவில்லை, அதுதான் பின்னால் அவருக்கே ஆச்சரியம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியெல்லாம், அறுவை செய்த காலோடு கிடக்கிறவளிடம் அவள் தம்பியின் லட்சணத்தை எப்படிச் சொல்வது என்ற கவலைதான். மெல்ல ஆரம்பித்தார்.

"காட்டுல ஒரு மரத்தை வெட்டிட்டாங்க."

அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "குளத்தோரம் நின்னதுதானே? பட்டமரம்தானேங்க, விடுங்க."

"எந்த மரம்னு நான் சொல்லலையே."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். நீங்கள் மருந்து வாங்கப் போன நேரத்தில் தம்பி சொன்னான், அவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறதே என்றாள். இவரிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் தானேதான் சொன்னதாகவும் சொன்னாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து மைத்துனன் கையெழுத்திட்ட வெற்றுச் சீட்டுக் கட்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்தார்.

"இதை உன் தம்பிகிட்ட குடுத்துடு. நான் கையெழுத்துப் போட்டது இன்னும் எத்தனை அவன்கிட்ட இருக்குன்னு கேட்டுச் சொல்லு. எங்கிட்ட சொல்ல மாட்டான். உங்கிட்ட சொல்லுவான்."