காவலனின் கவசத்துக்குள் ஒரு ஸ்பீக்கர்

இரும்புலியூரில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா நாடகத்தில் நான் அரசன். அங்கேயே குடியிருக்கும் பிசிக்ஸ் டியூஷன் சார் வாயிற்காவலன். எனக்கு நாற்பது வரி வசனம், அவருக்கு ஒன்றே ஒன்று.

ஒல்லியான மனிதர், கிணற்றுக்குள் இருந்து பேசுவது போன்ற குரல். வகுப்பில் இடுப்பு ஸ்பீக்கரும் காலர் மைக்கும் மாட்டியே பழகியதால், மைக் இல்லாதபோதும் பேசுமுன் நெஞ்சை இரண்டு தட்டு தட்டுவார். அந்த ஸ்பீக்கரைத் தன் அட்டைக் கவசத்துக்குள் பொருத்திக்கொண்டவர், "உங்களுக்கும் ஒண்ணு வெச்சுத் தரட்டுமா சார்?" என்று கேட்டார்.

"என் தொண்டை போதும்" என்றேன்.

மேடையில் என் குரல் முகத்தை மூடிய தலைக்கவசத்துக்குள்ளேயே சுற்றியது. கூட்டம் சலசலத்தது. அவர் நெஞ்சைத் தட்டினார். "மன்னர் கேட்கிறார்!" என்று முழங்கி, என் வசனத்தை அப்படியே சொன்னார். ஒத்திகையில் கேட்டே நாற்பது வரியும் மனப்பாடமாம். கடைசிவரை நான் கையை ஆட்டினேன், அவர் பேசினார். நாடகமே அப்படித்தான் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கீழே இறங்கியதும், "தப்பா நெனைக்காதீங்க சார். வசனம் உங்களோடதுதான், சத்தம் மட்டும்தான் என்னோடது" என்றார்.

கைதட்டல் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. நானும் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. லிஃப்டில் யாரும் இல்லாதபோது மட்டும், என் நெஞ்சை இரண்டு தட்டு தட்டிப் பார்க்கிறேன்.