மூடிய உறையைக் கிழித்தவர்

சரோஜினி மேடம் காலமாகிவிட்டார். கோவையிலிருந்து தோழி தொலைபேசியில் சொன்னபோது நான் இங்கே அமெரிக்காவில் ஆய்வகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நேத்தே எடுத்துட்டாங்க, கலை" என்றாள். ஆய்வகத்துக்குப் போனேன்; உட்கார முடியவில்லை. திரும்பி வந்து அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். எழுதினாலாவது கால் நிற்குமா என்று பார்க்கிறேன்.

அவர் எங்கள் கல்லூரி அலுவலகத்தின் எழுத்தர். மதிப்பெண் சான்றைத் தட்டச்சு செய்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையிட்டு, உறையில் ஒட்டித் தருவார். ஒட்டிய உறையை மாணவி பிரித்தால் செல்லாது. பாஸ்போர்ட், அனுமதிக் கடிதம், அப்பாவின் தோட்டத்துச் சொத்துச் சான்று இவற்றோடு அந்த உறையும் என் பையில் இருந்தது. திங்கட்கிழமை காலை சென்னையில் விசா நேர்காணல். ஞாயிறு மத்தியானம் ரயில்.

ஞாயிறு விடிந்ததும் தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் மேடம் நின்றார்.

"அம்மணி, அந்தக் கவரக் குடு. நேத்து சாயங்காலம் ஆபீஸ் காப்பியப் பாத்தேன். உம்பேருக்கு முன்னால 'பி' போடாம 'ஆர்' போட்டுப்போட்டேன்."

வகுப்பில் இன்னொரு கலைவாணி இருந்தாள். அவளுடைய இனிஷியல் எனக்கு விழுந்திருந்தது. பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாத சான்றைக் காட்டினால் விசா கிடைப்பது சந்தேகம். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மேடம் உறையை வாங்கிக் கிழித்தார். முந்தின நாளே திருத்தி அடித்த தாள் அவர் கைப்பையில் இருந்தது. கூடவே கல்லூரி முத்திரையும்.

"சீல வெளிய கொண்டுவரக் கூடாதுதான். வேற வழியில்ல, கெளம்பு."

முதல்வர் கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். காந்திபுரத்தில் பஸ் மாறினோம். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் மேடம் எழுந்து எட்டிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல்வர் பந்தியில் இருந்தார்.

"ஏனுங்க மேடம், கல்யாண ஊட்டுக்கு சீலோடவா வருவீங்க?"

"தப்பு என்னோடதுங்க சார். புள்ளைக்கு நாளைக்கு இன்டர்வியூவுங்க."

முதல்வர் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். மேடம் அங்கேயே முத்திரையிட்டுப் புது உறையில் ஒட்டித் தந்தார். "நாளைக்கு வந்து என்னையப் பாருங்க" என்று முதல்வர் மேடத்திடம் சொன்னார். முகம் நன்றாக இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் என் மனமெல்லாம் ரயிலில் இருந்தது.

விசா கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் போனபோதுதான், முத்திரையை எடுத்துப் போனதற்காக அவருக்கு மெமோ கொடுத்து, வரவேண்டிய பதவி உயர்வையும் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. பதறிப்போய் அவரிடம் ஓடினேன்.

"ஒட்டுன கவருங்க. உள்ள தப்புன்னு நீங்க சொல்லலீன்னா இங்க யாருக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்?"

"நீ அங்க போயி நிக்கறப்ப, நான் இங்க சும்மா உக்காந்துட்டிருக்க முடியுமா கண்ணு?"

இன்றைக்கு என்னாலும் சும்மா உட்கார முடியவில்லை. அவர் கிடத்தப்பட்டிருந்த இடத்தில் ஒரு நிமிடம் போய் நிற்கக்கூட என்னால் முடியவில்லை.

அந்த விடுமுறையில் அவரிடம் விடைபெற்றபோது அவர் மேசையில் வேறொரு பெண்ணின் சான்று இருந்தது. "வாரேனுங்க மேடம்" என்றேன். பெயரின்மேல் விரல் வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தவர், விரலை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மேடம், விரலை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருக்குதுங்க.